ஆறு மில்லிமீட்டர் சுழியம்

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நடந்தது இது. ஓய்வு பெற்று, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் வீடு பார்த்து நான் குடிவந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வேலையில் இருந்த முப்பத்து மூன்று வருடமும் நான் செய்தது ஒரே காரியம்தான். சுரங்கத்துக்கென்று வந்து இறங்குகிற சாமானைப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. போல்ட், பேரிங், கன்வேயர் உருளை, எதுவும் என் கையெழுத்து இல்லாமல் ஸ்டோருக்குள் போகாது. எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த நகல் எந்த நிறம், எது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிரிவு உபசார விழாவில் சால்வையும் பழத்தட்டும் கொடுத்தார்கள். என்னை நன்றாகத் தெரிந்த யாரோ யோசனை சொல்லி, ஒரு புது வெர்னியர் காலிப்பரும் கொடுத்தார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளந்து சொல்லும் கருவி அது. ஓய்வு பெற்றவன் வீட்டில் அதை வைத்து எதை அளப்பான் என்று அவர்கள் யோசிக்கவில்லை. என் மனைவி யோசித்தாள். முதல் வாரமே அது தோசைக்கல் பக்கம் வந்துவிடாதபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

காலை ஐந்து மணிக்கு நடக்கப் போவேன். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு என்பதால் அந்த நேரத்திலேயே கடைத்தெரு விழித்துக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் கூரை போட்ட தள்ளுவண்டிகளும் பலகைக் கடைகளும் வரிசையாக இருக்கும். ஒருவர் மணலில் மல்லாட்டை வறுப்பார். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அடுத்தாற்போல் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. அதற்கடுத்து தட்டை, எள்ளடை, குள்ளஞ்சாவடிப் பக்கமிருந்து வந்த உடைந்த முந்திரியைப் போட்டுச் செய்த பக்கோடா. கடைசியில் ஓர் அம்மாள் சுழியம் போடுவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய வாணலி, பக்கத்தில் தினசரித் தாள் அடுக்கு, நூல்கண்டு. கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளையும் பைக்கையும் அணைக்காமலே நிறுத்தி, நாலோ ஆறோ பொட்டலமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சுரங்கத்துக்குள் பத்து மணிக்கு அதுதான் அவர்களுக்குத் தெம்பு.

நான் பிறந்தது தாமிரபரணிக்கரை. அங்கே இதைச் சுசியம் என்போம். மேல்தோல் என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். கடித்தால் நேரே வெல்லமும் ஏலக்காயும் மணக்கும் பூரணம்தான். இந்த அம்மாளின் சுழியத்திலும் பூரணம் அருமையாக இருந்தது. கடலைப்பருப்பை அரைகுறையாக மசித்து, தேங்காயைச் சிவக்க வறுத்துச் சேர்த்திருப்பார். ஆனால் அதை அடைய, ஒரு கோட்டைச் சுவரைக் கடித்துத் தாண்ட வேண்டும். இரண்டு வருடமாகத் தினமும் வாங்கித் தின்றுகொண்டே, தினமும் இதை மனைவியிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

“புடிக்கலைன்னா வாங்காதீங்க” என்பாள்.

“பிடிக்கலைன்னு யார் சொன்னா? சரியில்லைன்னு சொல்றேன்” என்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்கையில்தான், என்னிடம் உதவியாளராக இருந்து இப்போது சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நெய்வேலியில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நிலக்கரி வெட்டும் ஒவ்வொரு பெரிய இயந்திரத்துக்கும் தனித்தனியாக வாழை மரம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். குடும்பத்தோடு உள்ளே போய்ப் பார்க்க அன்றைக்கு அனுமதி உண்டு. அவருடைய இயந்திரத்துக்கான பூஜைக் கமிட்டிக்கு அவர்தான் பொறுப்பு.

“வருசா வருசம் ஸ்வீட் கடை லட்டுதான் சார். இந்த வருசம் நம்ம ஆளுங்கள்லாம் கடைத்தெரு சுழியமே படைக்கலாம்னு சொல்றாங்க. எழுநூறு வேணும். நீங்க ஒரு வார்த்தை பாத்து சரின்னு சொல்லிட்டா நான் ஆர்டர் குடுத்துடுவேன்” என்றார்.

ஒரு வார்த்தை கேட்டவருக்கு நான் ஒரு முழுப் பக்கத்துக்கு ஆய்வு நிபந்தனை எழுதிக் கொடுத்தேன். பீரோச் சாவியை மனைவிக்குத் தெரியாமல் எடுத்தேன்.

மறுநாள் காலை கூட்டம் குறைந்ததும் அந்த அம்மாளின் கடைக்குப் போய், ஒரு சுழியம் வாங்கி, பேனாக்கத்தியால் சரிபாதியாக வெட்டி, காலிப்பரை வைத்து மேல்தோலை அளந்தேன். ஆறு மில்லிமீட்டர். இன்னொன்றை வெட்டினேன். அதுவும் ஆறு. மூன்றாவது, ஐந்தே முக்கால். என் தொழிலில் இதைப் பார்த்தவுடனே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். கையால் தோய்த்துப் போடுகிற பண்டம் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகிறது என்றால், அது தற்செயல் இல்லை. யாரோ அந்த அளவை வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தோன்றவில்லை. எழுதிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

பக்கத்தில் மல்லாட்டை வறுப்பவர் கரண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். “யம்மா, சட்டிய ஒளிச்சி வையி. அடுத்து அத்த அளப்பாரு” என்றார்.

“இன்னா சார் இது, நட்டு போல்ட்டா?” என்று அந்த அம்மாளும் சிரித்தார்.

நான் ஆர்டர் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எந்த மிஷின் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை வாணலியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பைத் தணித்தார்.

அவருடைய கணவர் பதினாறு வருடமாக அந்த இயந்திரத்தில்தான் கான்ட்ராக்ட் ஆளாக இருக்கிறார். கன்வேயரில் வழிந்து விழும் நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. இது எனக்கு அன்றுதான் தெரியும். ஆயுத பூஜை வந்தால் கடையில் வியாபாரம் அதிகம் என்பதால் ஒரு வருடம்கூட அந்த அம்மாள் சுரங்கத்துக்குள் போனதில்லை.

“பதினாறு வருசமா என் கைப் பண்டம் உள்ள போய்கினு கீது சார், நான்தான் போவல” என்றார். “என் கையால சுட்டது அந்த மிஷினு முன்னாடி எலையில இருக்கணும். நானே தூக்கியாந்து வப்பேன். இன்னா பண்ணணும், சொல்லுங்க.”

சொன்னேன். மேல்தோல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குடும்பங்கள் வருகிற இடம், பெரிய அதிகாரிகள் சாப்பிடுவார்கள், பண்டம் நாசூக்காக இருக்க வேண்டும். உளுந்து மாவைத் தண்ணீராகக் கரைத்து, கொஞ்சம் மைதா சேர்த்து, பூரணத்தை முக்கியதும் எடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால்தான் நான் சிபாரிசு செய்வேன்.

அவர் தயங்கினார். “தோலு மெல்லிசா இருந்தா நிக்காதுங்க சார். கெட்டியா கீறது எதுக்குன்னா...”

“எல்லா கான்ட்ராக்டரும் இதத்தான் சொல்லுவாங்க. முதல்ல செஞ்சு பாரும்மா” என்று பாதியில் வெட்டினேன். முப்பத்து மூன்று வருடம் பழகிய பேச்சு. அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டார். எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் செய்துகொள்வதும் முப்பத்து மூன்று வருடப் பழக்கம்தான்.

இரண்டு நாளில் மாதிரி வந்தது. முறைப்படி சாம்பிள் அங்கீகாரம். எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, எவர்சில்வர் தட்டில் வைத்து நானும் மனைவியும் சாப்பிட்டோம். வாயில் வைத்ததும் கரைந்தது. எங்கள் ஊர் சுசியம் தோற்றது. காலிப்பர் இரண்டே கால் காட்டியது. கால் மில்லிமீட்டரைப் பெருந்தன்மையோடு மன்னித்து, ஃபோர்மேனுக்குப் போன் செய்து சரி என்றேன். எழுநூறு செய்யக் கை பழக வேண்டும் என்பதற்காக, அன்றிலிருந்து கடையிலும் மெல்லிய தோல் சுழியமே போடச் சொன்னேன். அதையும் அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் செய்தார்.

நாலாவது நாள் மத்தியானம் இரண்டரை மணிக்குக் கடைக்குப் போனேன். முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வருகிற நேரம். உண்மையைச் சொன்னால், பாராட்டு ஏதாவது காதில் விழுமா என்றுதான் போனேன்.

நாலைந்து பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். முகம், புருவம், காது மடல் எல்லாம் நிலக்கரித் தூசி. ஒருவர் பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துப் பலகை மேல் பிரித்துப் போட்டார். உள்ளே சுழியம் என்று எதுவும் இல்லை. மேல்தோல் நாலாப் பக்கமும் கிழிந்து, பூரணம் தாளோடு ஒட்டி, வெல்லப் பிசுக்கின் மேல் தூசி கறுப்பாக அப்பியிருந்தது.

“யக்கா, இது சுழியமா, கிரீஸா? பேரிங்குக்கு வச்சி அடிச்சிடலாம்போல கீது” என்றார் ஒருவர்.

“நாலு நாளா இப்டித்தான். பத்து மணிக்குப் பசியோட பொட்டலத்தப் பிரிச்சா, கையால எடுக்க முடியல. தாளோட சேத்துத் திங்கச் சொல்றியா?” என்றார் இன்னொருவர். “பூசைக்கு வேற இதத்தான் படைக்கப் போறாங்களாம்.”

அந்த அம்மாளுடைய கண் ஒரு நொடி என் பக்கம் வந்தது. பிறகு திரும்பிவிட்டது. “என் கை தப்பிடுச்சி தம்பி. நாளைலேந்து பாத்து செய்யறன்” என்றார்.

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கையில் குடை, சட்டைப் பையில் காலிப்பர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்திரி பக்கோடா விலை கேட்பதுபோல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டேன். மல்லாட்டை வறுப்பவர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒருநாள்கூட நான் நகர்ந்து போனதில்லை.

சாயந்திரம் ஃபோர்மேன் போன் செய்தார். “தப்பா நெனைக்காதீங்க சார். பசங்க வேணாம்னுட்டாங்க. லட்டே சொல்லிடலாம்னு கமிட்டில முடிவாயிடுச்சு. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

போனை வைத்தேன். மனைவி பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நகர்ந்து போனதைத் தவிர.

“அந்தம்மா உங்க பேரச் சொன்னாளா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“நீங்க சொன்னீங்களா?”

நான் கீழே விழுந்த பூவைப் பொறுக்கினேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே ரிஜெக்‌ஷன் மெமோ அதுதான். நகல்கூட இல்லை.

எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். என் முன்னால் அத்தனை நன்றாக இருந்த பண்டம் அங்கே ஏன் கெட்டது? அடுத்த நாள் விடிகாலையில், இன்னும் என் அளவிலேயே வந்துகொண்டிருந்த மெல்லிய தோல் சுழியத்தில் நாலு வாங்கி, தாளில் கட்டி, துணிப்பையில் போட்டு, ஸ்கூட்டரின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வெயிலில் நாலு மணி நேரம் அலைந்தேன். டவுன்ஷிப்புக்குப் போனேன், வந்தேன், லாரி போகிற சாலையில் நின்றேன். பத்து மணிக்கு ஒரு புளிய மரத்தடியில் பிரித்தால், பலகையில் பார்த்த அதே கோலம். சாப்பிடப்போகிற இடத்தில் சோதிக்காமல் கூடத்தில் உட்கார்ந்து சோதித்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்த பாடமே, சாமான் எங்கே ஓடப்போகிறதோ அங்கே ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பதுதான்.

அன்று இரண்டரை மணிக்கு வேண்டுமென்றே அதே இடத்துக்குப் போனேன். ஷிப்ட் ஆட்கள் வந்து நின்றதும், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “தம்பிகளா, இந்தம்மா கை தப்பலை. தோலை மெல்லிசாக்கச் சொன்னது நான். பழையபடி இருந்தா ஆர்டர் கிடையாதுன்னு சொன்னதும் நான்தான். அவங்க வேணாம்னு சொன்னாங்க. நான் கேக்கலை.”

 ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, “சார், நீங்களா அது! ஒரு தபா ரெண்டு லாரி உருளைய அப்டியே திருப்பி அனுப்சிட்டு, எங்க பழைய ஃபோர்மேன அழ வச்சீங்களே” என்றார்.

“அவரேதான்.”

“அத்த திருப்பி அனுப்புனீங்க, இத்த பாஸ் பண்ணிட்டீங்களே சார்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததும்தான் முந்தின நாளிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கூட்டம் போனபின், கமிட்டி லட்டுக்கு மாறிவிட்டதை அவரிடம் சொன்னேன். “எதுக்கு சார் இத்தெல்லாம். நீங்க பெரியவரு, நல்லதுக்குத்தான சொன்னீங்க. உடுங்க, லட்டே வாங்கிகினு போவட்டும்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்க. கெட்டியா இருக்கறது எதுக்குன்னான்னு. நான் முடிக்க விடலை. இப்ப சொல்லுங்க” என்றேன். பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

சொன்னார். கடை ஆரம்பிப்பதற்கு முன்னால் கணவருக்காகத்தான் முதன்முதலில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதுவும் மெல்லிய தோல்தான். தம்முடைய அம்மா வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். கணவர் திரும்பி வரும்போது தாளில் கறுப்புக் கூழ். மறுநாள் மாவில் பச்சரிசி கூட்டினார். கொஞ்சம் நின்றது. அதற்கடுத்து, அடுப்பைத் தணித்து நிதானமாக வேகவிட்டார். பிறகு ஒரு தரம் முக்கிப் பொரித்ததையே மறுபடி முக்கிப் போட்டார். தோல் அதிகமாகிப் பூரணமே தெரியவில்லை என்று கணவர் சொன்ன நாளும் உண்டு, அன்று குறைத்தார். ஒவ்வொரு நாளும் கணவர் கொண்டுவருகிற தாளைப் பிரித்துப் பார்ப்பாராம். இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம்.

“ஒரு நாளு வெறுந் தாளு வந்துச்சி சார். அதோட நிறுத்திகினேன். இந்தத் தோலுன்னா தூசு மேலயே நின்னுடும். ரெண்டு தட்டு தட்டிட்டுத் திங்கலாம். உள்ள போவாது” என்றார்.

நான் அந்த ஆறு மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டேன். ஆறு, ஆறு, ஐந்தே முக்கால். ஒரு வருடம், வேலை நடக்கிற இடத்திலேயே, தினசரி சோதனை, தினசரி திருத்தம். நான் இருந்த பிரிவில் ஒரு பொருளுக்கு இவ்வளவு நேர்மையாகச் சோதனை நடந்ததாக என் நினைவில் இல்லை. அதை ஒரே வாக்கியத்தில் ரத்து செய்த மகானுபாவன் நான்.

அன்று மாலையே ஃபோர்மேன் வீட்டுக்குப் போனேன். மேலதிகாரியாக இருந்தவன், அவர் வாசலில் போய் நின்றதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. “லட்டுக்குச் சொல்லியாச்சா?” என்றேன். நாளை சொல்வதாக இருந்தார். “தப்பு என்னுடையது. என் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க. பழைய மாதிரியே நாற்பது சுழியம் நாளைக்கு உங்க ஷிப்ட்டுக்கு வரும். இந்தத் தடவை நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க ஆட்கள் போடட்டும்” என்றேன்.

அந்த அம்மாளைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுபடி அவமானப்பட முடியாது என்றார். கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை, மல்லாட்டை வறுப்பவர். “நீ சுடலன்னா வுடு. இவரே சுட்டு எடுத்துகினு போவாரு. காலிப்பரு கீது, கரண்டி எதுக்கு?” என்றார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, அரிசியை ஊறப்போட்டார்.

மறுநாள் இரண்டரை மணிக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் நேரே பலகை மேல் ஒரு தாளை வைத்தார். எண்ணெய்க் கறை தவிர அதில் ஒன்றும் இல்லை. அடுத்தவரும் வைத்தார். அதற்கடுத்தவரும். பதினோரு காலித்தாள்கள். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ அங்கீகாரக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அந்த அம்மாள் அவற்றை அடுக்கி, நீவி, அடுப்புக்குப் போடாமல் மாவுப் பாத்திரத்துக்குக் கீழே பத்திரப்படுத்தினார். அன்று மாலையே எழுநூறுக்கும் ஆர்டர் வந்தது.

ஆயுத பூஜையன்று நானும் மனைவியும் சுரங்கத்துக்குள் போனோம். பணியில் இருந்தபோது எத்தனையோ முறை போன இடம்தான். ஆனாலும் அன்று வேறு மாதிரி இருந்தது. நாலு மாடிக் கட்டிட உயரத்துக்கு நிற்கிற அந்த இயந்திரத்தின் சக்கரத்தில், நிலக்கரியை வெட்டி அள்ளும் ஒவ்வொரு கூடையின் பல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழை மரம். அதன் முன்னால் நீளமாக விரித்த இலைகளில் பொரி, கடலை, பழம்.

அந்த அம்மாள் மஞ்சள் பட்டுப் புடவையில், படையலுக்கான பெரிய அலுமினியக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்; மீதிச் சுழியம் முன்பே வண்டியில் வந்து இறங்கியிருந்தது. கணவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் வந்ததும் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இம்மாம் பெருசா!” என்றார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “இதுக்குக் கீழயா நீ நின்னுகினு கீற? வூட்ல ஒரு நாளும் சொல்லலயே” என்றார். கணவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

சுழியங்களைத் தம் கையாலேயே இலையில் அடுக்கினார். கற்பூரம் காட்டி முடித்ததும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பி, பள்ளத்திலிருந்து பழுப்பும் கறுப்புமாகத் தூசியைக் கிளப்பியது. வெள்ளைச் சட்டை போட்டு வந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். வேலையாட்கள் யாரும் அசையவில்லை. கையிலிருந்த சுழியத்தை, சொல்லி வைத்தாற்போல், இரண்டு தட்டு தட்டினார்கள். கடித்தார்கள்.  நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கடித்தேன். தூசி வாய்க்குள் வரவில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு தின்றபோதுதான் அந்தத் தோலின் மொறுமொறுப்பும், அதைத் தாண்டி வருகிற வெல்லத்தின் ருசியும் ஒன்றுக்கொன்று துணை என்பது நாக்குக்குப் புரிந்தது. இரண்டு வருடம் கோட்டைச் சுவர் என்று குறை சொன்ன அதே தோல்.

“ரிஜெக்ட் ஏதாவது உண்டா சார்?” என்று ஃபோர்மேன் சத்தமாகக் கேட்டார்.

“அம்மாவைக் கேளுங்க. இனிமே அவங்கதான் இன்ஸ்பெக்‌ஷன்” என்றேன். கைதட்டினார்கள். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். கணவர் மட்டும் நிமிர்ந்து நின்றார். அன்று அவரைவிட நிமிர்ந்து நின்றவர் அந்தப் பள்ளத்தில் அந்த இயந்திரம் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து பூஜை அறைக்குள் நுழைந்தால், மனைவி ஏற்கெனவே காலையிலேயே ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். காலிப்பரைப் பலகையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, அதன் தாடைக்கு நடுவில் அரைச் சுழியத்தின் தோலைக் கொடுத்து, சரியாக ஆறு மில்லிமீட்டரில் திருகி நிறுத்தியிருந்தாள்.  

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இருபது சுழியத்தைத் தாளில் கட்டிப் பையில் எடுத்துப் போனேன். ராத்திரி முழுக்கப் பஸ் குலுக்கல். என் அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றுகூட உடையவில்லை. எடுத்துக் கடித்தாள்.

“ஏ தம்பி, பூரணம் நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா தோலு என்ன இம்புட்டுக் கட்டியா இருக்கு? செய்யத் தெரியாதோ அவியளுக்கு?” என்றாள்.

“எங்க ஊர்ல இப்படித்தான் செய்வோம்க்கா. அங்க அப்படித்தான் செய்யணும்” என்றேன்.

“எங்க ஊரா? உன் ஊரு இதுல்லா?” என்று அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, யார் கேட்டாலும் நெய்வேலியை வேலை பார்க்கிற இடம் என்றும், தாமிரபரணிக்கரையை ஊர் என்றும்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அந்த வார்த்தை நான் யோசிக்கும் முன்பே வந்துவிட்டது. வந்ததைத் திருத்தவும் எனக்கு மனம் இல்லை. இன்றும் விடிகாலையில் அந்தப் பலகைக் கடையில் பொட்டலம் வாங்கும்போதெல்லாம், நான் அளந்து குறை சொன்ன தோலில் ஒரு பெண் ஒரு வருடம் தாளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த பொறுமை இருக்கிறது என்பது நினைவுக்கு வரும். யாராவது எதையாவது பாதியில் சொல்லத் தயங்கினால், முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை இப்போதெல்லாம் நான் காத்திருக்கிறேன்.